போகும் ரயிலும் போய்வரும் ரயிலும்

யாழ்ப்பாணத்து ரயில் என்றதும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது யாழ்தேவிதான். அதற்கு அடுத்ததாக இரவுத் தபால் ரயில். நமது சிறுகதைகளிலும் நினைவுக் குறிப்புகளிலும் வரும் ரயில்கள் எல்லாம் கொழும்புக்குப் போகிறவை. அல்லது கொழும்பிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து இறக்குபவை. மேடையில் நின்று கையசைப்பவர்களும், பனங்கட்டிக் குட்டானும் மாம்பழக் கூடையும் சுமந்து ஏறுபவர்களும், உத்தியோகம் கிடைத்துப் போகும் இளைஞர்களும் அக்கதைகளில் நிறையவே உள்ளனர். ஆனால் காலையில் ஏறி ஐந்தாவது ஸ்ரேஷனில் இறங்கி, பொழுதுபட அதே வழியால் வீடு திரும்பிய மனிதர்களைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. அவர்களுக்கும் இந்தத் தண்டவாளத்தில் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் வரலாறு கற்பிக்கும் ஒரு கிராமப் பாடசாலை ஆசிரியன். ஆண்டுகளை மனனம் செய்விப்பதற்கு முன் ஊரில் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டு என்று ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். தென்மராட்சியில் என் வகுப்பறைக்கு அண்மையில் அப்படி நிற்பது ரயில் பாதைதான். அதைக் காட்டிப் பாடம் நடத்தப் போய்த்தான் அதன் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். முதல் ஆண்டே ஒரு புதிய செய்தியைச் சொல்லியது.

இலங்கையின் முதலாவது ரயில் 1864ஆம் ஆண்டின் இறுதியில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு ஓடியது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. கோப்பியை மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறக்குவதே அதன் முதற் பணி. வடக்குக்குப் பாதை போட வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேற மேலும் ஒரு தலைமுறைக் காலம் சென்றது. பொல்காவலையிலிருந்து குருநாகலுக்கு 1894இல் பாதை வந்தது. அதன்பின் வடக்குப் பாதையின் வேலை ஒரு முனையிலிருந்து மட்டும் நடைபெறவில்லை. தெற்கிலிருந்து வரும் தண்டவாளத்துக்காகக் காத்திராமல் காங்கேசன்துறையிலிருந்தும் பாதை போடப்பட்டது. 1902 மார்ச் மாதத்தில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 21 மைல் தூரத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது. கொழும்பிலிருந்து வந்த பாதை இதனுடன் இணைந்து முழு வடக்குப் பாதையும் திறக்கப்பட்டது 1905 ஆகஸ்ட் மாதத்தில்தான்.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக யாழ்ப்பாணத்து ரயில் கொழும்புடன் தொடர்பற்று ஓடியது. காங்கேசன்துறை, தெல்லிப்பழை, சுன்னாகம், யாழ்ப்பாணம், சாவகச்சேரி என்ற குடாநாட்டு ஊர்களைத்தான் அது ஒன்றோடொன்று இணைத்தது. ஏறியவரும் இறங்கியவரும் குடாநாட்டுக்குள்ளேயே ஏறி இறங்கினர். இன்றைய சொல்லில் கூறுவதானால், நெடுந்தூர ரயிலாக மாறுவதற்கு முன் அது ஒரு புறநகர் ரயிலாகவே பிறந்தது. பின்னர் வந்த எந்த ஆண்டிலும் அந்தப் பாதை அவ்வளவு முழுமையாகக் குடாநாட்டுக்காரருக்குரியதாக இருக்கவில்லை.

1905இல் முழுப் பாதையும் திறந்தபின் நிலைமை மாறியது. அதுவரை தெற்கே போவதற்குக் கடல்வழி இருந்தது. அல்லது ஆனையிறவைக் கடந்து வன்னிக் காட்டு வழியாகப் பல நாள் நீளும் தரைவழி இருந்தது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வந்த முதல் ரயில் ஏறத்தாழ 13 மணி நேரத்தில் வந்து சேர்ந்தது என்பது அன்றைய மனிதருக்கு எவ்வளவு பெரிய விடயம் என்பதை நாம் கற்பனை செய்து பார்க்கலாம். புகையிலையும் சுருட்டும் வெங்காயமும் தெற்கே போயின. படித்தவர்கள் எழுதுவினைஞர்களாகவும் ஸ்ரேஷன் மாஸ்டர்களாகவும் ஆசிரியர்களாகவும் தெற்கே போயினர். நமது சமூகத்தவரும் அதற்கு விலக்கல்லர். வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் கற்று, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் என்ற பெருமையைப் பெற்று, 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக விளங்கிய ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களின் வாழ்க்கைத் திசையும் அந்தத் தண்டவாளத்தின் திசைதான். குடாநாடு தன் திறமைசாலிகளைத் தெற்கே அனுப்பி, அவர்கள் அனுப்பும் காசில் வாழப் பழகியது. நேர அட்டவணை கொழும்புக் கோட்டையிலிருந்து வரையப்பட்டது. குடாநாட்டின் சிறிய ஸ்ரேஷன்கள் அதன் கடைசி வரிகளாயின.

ஆயினும் குறுந்தூரப் பயணம் அற்றுப்போய்விடவில்லை. சுன்னாகம் சந்தைக்கும், சாவகச்சேரிச் சந்தைக்கும், நகரத்துக் கல்லூரிகளுக்கும், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கும், 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கும் ரயிலில் போய்வந்தோர் உண்டு. என் வாப்பா சோனகத் தெருவிலிருந்து துணிப் பொட்டலத்தோடு காலை ரயிலில் சுன்னாகத்துக்குப் போவார். பொழுதுபட முன் வீட்டுக்கு வந்துவிடுவார். ‘கோச்சி’ என்றுதான் அவர் சொல்லுவார். கொழும்புக்கு அவர் தம் வாழ்நாளில் போனது நான்கைந்து தடவைதான். சுன்னாகத்துக்குப் போனதற்குக் கணக்கில்லை. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களில் தையற்காரர், இரும்புக்கடைக்காரர், துணி வியாபாரி, இறைச்சிக் கடைக்காரர் என்று பலருடைய தொழிலும் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களோடு பின்னிப்பிணைந்தது. நாள்தோறும் போய்வரும் தூரத்துக்குள்தான் அவர்களுடைய வாடிக்கையாளர் இருந்தனர். கடனும் நட்பும் கல்யாண அழைப்பும் அந்தத் தூரத்துக்குள்தான் இருந்தன.

இப்படிப் போய்வருவோருக்கென்றே ஒரு ரயில் பாதையை அமைத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பாக்கு நீரிணையின் மறுகரையில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. இந்தியாவில் முதல் மின்சார ரயில் 1925 பெப்ரவரியில் பம்பாயில் ஓடியது. ஆறு ஆண்டுகளின் பின், 1931இல், தென்னிந்திய ரயில்வே சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையிலான மீற்றர் பாதையில் 1,500 வோல்ற் நேர்மின்னோட்டத்தில் மின்சார ரயிலை ஓட்டத் தொடங்கியது. அதன் நீளம் ஏறத்தாழ 29 கிலோமீற்றர். 1902இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை போடப்பட்ட 21 மைல் ஏறத்தாழ 34 கிலோமீற்றர் ஆகும். அதாவது, ஒரு மாநகரத்தின் வாழ்வையே மாற்றிய அந்தச் சென்னைப் பாதை நமது முதற்பாதையைவிடக் குறுகியது.

சென்னைக்கும் நமக்கும் ரயில் வழியாகவே தொடர்பு இருந்தது. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறந்தபின், எழும்பூரில் ஏறி தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னாரில் மீண்டும் ரயில் பிடிக்கும் வழி உண்டாயிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அந்த வழி இருந்தது. ஆகவே 1931க்குப் பின் சென்னை சென்ற யாழ்ப்பாணத்தாருக்கு மின்சார ரயில் புதினமான ஒன்றாக இருந்திருக்க முடியாது.

மின்சாரம் ஏன் இத்தகைய பாதைக்குப் பொருத்தமானது? நீராவி இயந்திரம் நின்று மீண்டும் வேகம் எடுக்க நேரம் வேண்டும். அதற்குத் தண்ணீரும் நிலக்கரியும் வேண்டும். பயணம் முடிந்தால் இயந்திரத்தைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோக வேண்டும். மின்சாரத் தொடரில் மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே பொருத்தப்பட்டிருக்கும். நிறுத்தியதும் புறப்படலாம்; இரண்டு கிலோமீற்றருக்கு ஒரு ஸ்ரேஷன் இருந்தாலும் நேரம் பெரிதாக வீணாகாது. கடைசி ஸ்ரேஷனில் சாரதி இறங்கி மறுமுனைக்கு நடந்துபோனால் அதே தொடர் திரும்பி ஓடும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கம்பமும் கம்பியும் உபமின்நிலையமும் ஒரு ரயில் ஓடினாலும் வேண்டும், நூறு ரயில் ஓடினாலும் வேண்டும். அந்தச் செலவு தகுமா என்பது நாளொன்றுக்கு எத்தனை தடவை ரயில் ஓடும் என்பதைப் பொறுத்தது.

சென்னையில் அடிக்கடி ரயில் ஓடியது. மாம்பலத்தருகே 1920களில் அமைக்கப்பட்ட தியாகராய நகரும், சைதாப்பேட்டையும், பல்லாவரமும், தாம்பரமும் நகரத்தில் வேலை செய்வோர் குடியிருக்கும் இடங்களாக வளர்ந்தன. பல்லாவரத்துத் தோல் பதனிடும் தொழிலில் தமிழக முஸ்லிம்களின் பங்கு அறியப்பட்டதே. பட்டறைக்கும் பட்டணத்துக்கும் இடையே அந்தப் பாதை ஒரு தெருவைப் போலவே கிடந்தது. அந்த மீற்றர் பாதைத் தொடர்கள் 2004 ஜூலை வரை ஓடின. பின் அகலப்பாதை அவற்றின் இடத்தைப் பிடித்தது. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கத்துக்குப் பறக்கும் ரயில் வந்தது. 2007இல் அது வேளச்சேரியை எட்டியது. 2015இல் மெட்ரோ ரயில் வந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக விரிந்த இந்த வலைக்கு அடித்தளம், நகரத்தில் குடியிருப்பவனுடைய அன்றாட வேலைப் பயணத்துக்கும் ரயில் உரியது என்று 1931இலேயே எடுத்த முடிவுதான்.

நமது நாட்டில் அந்த முடிவு எடுக்கப்படவில்லை. கொழும்பிலே அலுவலக ரயில்கள் நிரம்பி வழிகின்றன. கதவோரம் தொங்கிக்கொண்டு போவோரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாணந்துறையிலிருந்து வெயாங்கொடை வரையான ஏறத்தாழ 64 கிலோமீற்றர்ப் பாதையை மின்மயப்படுத்தும் திட்டம் பல அரசாங்கங்களின் காலத்தில் பேசப்பட்டது. மாலபேக்கும் கோட்டைக்கும் இடையே இலகு ரயில் அமைக்க ஜப்பானுடன் 2019இல் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 2020இல் கைவிடப்பட்டது. இலங்கையில் இன்றுவரை ஒரு மின்சாரப் பயணிகள் ரயில்கூடச் சேவையில் இல்லை. தலைநகரத்துக்கே கிடைக்காத ஒன்றை யாழ்ப்பாணத்துக்கு எப்படிக் கேட்பது என்று சிலர் நினைக்கலாம். நான் கம்பியைக் கேட்கவில்லை. கம்பிக்கு முன் வரவேண்டிய ஒன்றைத்தான் கேட்கிறேன். அதை விளக்க மீண்டும் நமது பாதைக்கு வரவேண்டும்.

1954இல் கனடாவிலிருந்து டீசல் இயந்திரங்கள் வந்தன. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. நெடுந்தூரப் பயணம் விரைவாயிற்று. யாழ்தேவி வடக்கின் அடையாளமாயிற்று. அதே காலத்தில் குறுந்தூரப் பயணம் பஸ்ஸின் பக்கம் சாய்ந்தது. 1958இல் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டது. கே.கே.எஸ். வீதி தண்டவாளத்தை ஒட்டியே கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று செல்கிறது. கைகாட்டிய இடத்தில் நிற்கும் பஸ்ஸோடு நாளுக்குச் சில தடவை மட்டும் வரும் ரயில் எப்படிப் போட்டியிடும்? வாப்பாவைப் போன்ற சிலர் பழக்கத்தாலும் மலிவான ரிக்கற்றாலும் கோச்சியை விடாதிருந்தனர்.

பின்னர் போர் வந்தது. 1985 ஜனவரியில் முறிகண்டிக்கு அண்மையில் யாழ்தேவி குண்டுத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ரயில் ஓடுவதும் நிற்பதுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. 1990 ஜூன் மாதத்தில் யாழ்ப்பாண ரயில் முற்றாக நின்றது. அதற்கு நான்கு மாதங்களின் பின் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரி முஸ்லிம்களுக்கு அது நேர்ந்தது; ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரியில் கூடும்படி பணிக்கப்பட்டு, இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். வடக்கு முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் வெளியேறினர். அவர்கள் போனது லொறியிலும் ட்ரக்டரிலும் கால்நடையாகவும். அதே ஆண்டில் வலிகாமம் வடக்கில் காங்கேசன்துறையையும் மாவிட்டபுரத்தையும் சுற்றியிருந்த தமிழ் மக்களும் தம் ஊர்களை விட்டு இடம்பெயர்ந்தனர். அவ்வூர்கள் பின்னர் உயர் பாதுகாப்பு வலயமாயின. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின.

இந்த நிகழ்வுகளுள் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1902இன் அந்த 21 மைல் பாதையின் இரு முனைகளையும் நடுப்புள்ளியையும் எண்ணிப் பாருங்கள். ஒரு முனை காங்கேசன்துறை, மறுமுனை சாவகச்சேரி, நடுவில் யாழ்ப்பாணம். ஒரே ஆண்டுக்குள் மூன்று இடங்களிலிருந்தும் மக்கள் பிடுங்கப்பட்டனர். இனம் வேறு, காரணம் வேறு, கட்டளையிட்டவர் வேறு. அழிந்தது, நாள்தோறும் போய்வரும் தூரத்துக்குள் அமைந்திருந்த ஓர் உறவு.

எனக்கு அப்போது பத்து வயது. புத்தளத்தில் வளர்ந்தேன். அங்கும் ஒரு ரயில் பாதை இருக்கிறது. 1926இல் புத்தளத்துக்கு வந்த பாதை. அதில் ஏறினால் கொழும்புக்குப் போகலாம். யாழ்ப்பாணத்துக்கு வர முடியாது. இலங்கையின் ரயில் படத்தை வகுப்பில் கரும்பலகையில் வரையும்போது பிள்ளைகளுக்கு நான் கையை விரித்துக் காட்டுவேன். உள்ளங்கை கொழும்பு, விரல்கள் பாதைகள். விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடுவதில்லை.

போர் முடிந்தபின் இந்தியக் கடனுதவியுடன் இர்கோன் நிறுவனம் பாதையை மீண்டும் போட்டது. 2011இல் ரயில் ஓமந்தையை எட்டியது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, ஒக்டோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. பளையிலிருந்து காங்கேசன்துறை வரை மட்டும் 56 கிலோமீற்றர். ஸ்ரேஷன்கள் புதிதாய்க் கட்டப்பட்டன. ஆனால் 1902ஆம் ஆண்டைப் போலன்றி இம்முறை ரயில் தெற்கிலிருந்து வந்தது. நெடுந்தூரப் பயணியையே முதலில் நினைத்தது. காங்கேசன்துறையில் அது வந்து நின்றபோது சுற்றியிருந்த காணிகளில் பெரும்பகுதி மக்களிடம் திரும்பியிருக்கவில்லை. சோனகத் தெருவிலும் திரும்பி வந்து குடியிருப்போர் போனவர்களில் ஒரு பகுதியினரே. தண்டவாளம் மீண்டுவிட்டது; அதில் போய்வர வேண்டியவர்கள் முழுமையாக மீளவில்லை.

மீள்குடியேற்றம் பற்றி நம் இதழ்களில் நிறைய எழுதியிருக்கிறோம். காணி உறுதி, வீட்டுத்திட்டம், வாக்காளர் பதிவு எல்லாம் முக்கியமானவையே. ஆயினும் ஒரு குடும்பம் ஊரில் தங்குவது, தகப்பன் காலையில் தொழிலுக்குப் போய் மாலையில் வரவும், பிள்ளை பாடசாலைக்குப் போய்வரவும் முடிந்தால்தான். புத்தளத்தில் கடை, யாழ்ப்பாணத்தில் வீடு என்று இரண்டு இடத்தில் காலூன்றி நிற்கும் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. அவர்களைப் பெருநாளுக்குக் கொண்டுவந்து விடுவதற்கு நெடுந்தூர ரயில் போதும். ஆண்டு முழுவதும் இங்கே இருக்கச் செய்ய, சுன்னாகத்தையும் கொடிகாமத்தையும் கிளிநொச்சியையும் அன்றாடத் தொழில் எல்லைக்குள் கொண்டுவரும் ரயில் வேண்டும்.

இது வெறும் கற்பனை அன்று என்பதை 2022ஆம் ஆண்டு காட்டியது. எரிபொருள் இல்லாமல் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் முடங்கிய அந்த ஜூலை மாதத்தில், காங்கேசன்துறைக்கும் முறிகண்டிக்கும் இடையே ‘யாழ் ராணி’ என்ற பெயரில் அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் ஒரு ரயில் சேவை தொடங்கப்பட்டது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. கிளிநொச்சி அலுவலகங்களில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்தார் பலர். நூற்றிருபது ஆண்டுகளின் பின், குடாநாட்டுக்காரரின் காலை மாலையைக் கணக்கில் எடுத்து ஒரு நேர அட்டவணை வரையப்பட்டது. பஞ்சம் வந்தபோது வந்த யோசனை என்பதற்காக அதைப் பஞ்சகாலத்து ஏற்பாடாகவே விட்டுவிடக் கூடாது.

இதற்கு மறுப்பு உண்டு. 1981இல் இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். 2012 குடிசன மதிப்பீட்டில் அது ஏறத்தாழ 583,000. இருந்த மக்களே குறைந்துவிட்ட இடத்தில் ரயிலைக் கூட்டுவது வீண் செலவல்லவா என்று கேட்கலாம். இது நியாயமான கேள்வி. மின்கம்பி பற்றி மட்டும் பேசினால் அதுவே முடிவான பதிலும்கூட. கம்பிக்குத் தேவையான அளவு ரயில்கள் இங்கே இன்று ஓடவில்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடவும் முடியாது. ஆகவே படிமுறை வேண்டும். முதலில் இரண்டு மூன்று பெட்டிகள் கொண்ட டீசல் தொடர், பாடசாலை நேரத்துக்கும் அலுவலக நேரத்துக்கும் பொருந்த. அடுத்து எதிரெதிரே வரும் ரயில்கள் விலகிச் செல்ல மேலும் சில இடங்களில் இரட்டைத் தண்டவாளம். ஸ்ரேஷனிலிருந்து சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இணைப்புப் பஸ். அவை நிறைந்து வழியும் நாளில் மின்சாரம் தானே கேட்கப்படும். சென்னையிலும் கம்பி வருமுன் தாம்பரத்துக்கு நீராவி ரயிலில் போய்வந்த கூட்டம் இருந்தது.

மக்கள் குறைவு என்ற வாதத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மக்கள் ஏன் குறைந்தனர்? போரும் வெளியேற்றமும் புலம்பெயர்வும் ஒரு பகுதி. போர் ஓய்ந்தபின்னும் இளைஞர் போவதை நிறுத்தவில்லை. போவதற்கான பாதைகளை நாம் ஒரு நூற்றாண்டாகச் செப்பனிட்டு வந்திருக்கிறோம். விமான நிலையம்வரை வந்துவிட்டது. ஊரிலிருந்தபடியே பிழைப்பதற்கான பாதைக்குக் கிடைத்த கவனம் மிகச் சொற்பம்.

நாவற்குழி தாண்டினால் ஏ-9 வீதியும் தண்டவாளமும் அருகருகே செல்கின்றன. காலையில் நான் பாடசாலைக்குப் போகும் பஸ்ஸில் சோனகத் தெருவிலிருந்து ஏறுபவர்கள் இப்போது மூன்று பேர் இருக்கிறோம். ஒருவர் சாவகச்சேரிச் சந்தையில் துணி விற்கிறார். மற்றவர் கொடிகாமத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். நடத்துனருக்கு எங்கள் மூவரின் இறங்குமிடமும் தெரியும். இந்த மூன்று முப்பதாக வேண்டுமென்றால், வடக்கு ரயிலின் நேர அட்டவணையை ஒருமுறையாவது சாவகச்சேரி ஸ்ரேஷனிலிருந்து வரையத் தொடங்க வேண்டும். 1902இல் அப்படித்தான் தொடங்கினார்கள்.